எண்ணெய் தின்னும் பாக்டீரியா பொடி: பாலைமண்ணில் போட்டுப் பார்த்தபின் ஒரு மதிப்புரை

ஐந்துக்கு இரண்டு நட்சத்திரம். ஒன்று, வாளிக்குள் தனியாக வைத்திருக்கும் உரப் பொட்டலத்துக்கு. மற்றொன்று, வாளியில் ஒட்டியிருக்கும் பயன்பாட்டுக் குறிப்பு தெளிவாக இருந்ததற்கு. பாக்டீரியாவுக்கு என்று கொடுக்க என்னிடம் மிச்சம் எதுவும் இல்லை.

பொருளின் பெயரை எழுதவில்லை. கிட்டத்தட்ட இதே சேர்மானத்தில் சந்தையில் பல பொடிகள் கிடைக்கின்றன. நான் சொல்லப்போவது கூடக் குறைய எல்லாவற்றுக்கும் பொருந்தும். பாலைவன எண்ணெய் வயலில் மண் சீரமைப்பு வேலை பார்க்கிறவன் நான். குழாய் கசிந்த இடம், பழைய எண்ணெய்க் குழி, டேங்கர் கவிழ்ந்த சாலையோரம் என்று கறுத்துக் கிடக்கிற நிலத்தைப் பழைய நிலைக்குக் கொண்டுவருவது எங்கள் குழுவின் பொறுப்பு. அப்படி ஒரு பழைய கசிவு இடத்தில்தான் இந்தப் பொடியைச் சோதித்தோம். தோட்ட மண்ணிலோ கடற்கரையிலோ பயன்படுத்தியவர்களின் அனுபவம் வேறாக இருக்கலாம். என் கேள்வி பாலைமண்ணைப் பற்றியது மட்டும்.

முதலில் பொருள். மூடியைத் திறந்ததும் தவிட்டு வாசனை, அதற்கடியில் லேசான ஈஸ்ட் வாடை. கையில் எடுத்துப் பார்த்தால் பெரும்பகுதி தவிடுதான். அதன்மேல்தான் பாக்டீரியாவை உலர்த்தி ஏற்றியிருக்கிறார்கள். லேபிளில் பேசிலஸ், சூடோமோனாஸ் என்று இரண்டு பேரினங்களின் பெயர் இருக்கிறது. எந்த இனம், எந்த மண்ணிலிருந்து எடுத்தது, எவ்வளவு உப்பைத் தாங்கும், எவ்வளவு வெப்பத்தைத் தாங்கும் என்ற தகவல் எதுவும் இல்லை. ஒரு கிராமில் இத்தனை கோடி உயிரணு என்பது மட்டும் கொட்டை எழுத்தில்.

குறிப்பில் சொல்லியிருப்பது இவ்வளவுதான்: குளோரின் இல்லாத வெதுவெதுப்பான தண்ணீரில் கரைக்க வேண்டும். சில மணி நேரம் கலக்கிக்கொண்டே ஊறவிட வேண்டும். வெயில் தாழ்ந்தபின் தெளிக்க வேண்டும். மண்ணின் அமிலத்தன்மையையும் காரத்தன்மையையும் காட்டும் பிஎச் அளவு 6க்கும் 8.5க்கும் இடையில் இருக்க வேண்டும். கடைசியாக, "மண்ணை ஈரமாக வைத்திருக்கவும்." ஆண்டு முழுவதும் பெய்யும் மழை 250 மில்லிமீட்டரைத் தாண்டாத இடத்தைத்தான் பொதுவாகப் பாலைவனம் என்கிறார்கள். குவைத் மாதிரி இடங்களில் அதில் பாதிகூடக் கிடையாது. அங்கே மண்ணை ஈரமாக வைத்திருக்க முடிந்தால் பாதி வேலை முடிந்த மாதிரி. பெரிய செலவே அந்த ஒற்றை வரிக்குள்தான் இருக்கிறது.

விற்பனைப் பிரதிநிதி நல்ல மனிதர். கேட்டதற்கெல்லாம் பொறுமையாகப் பதில் சொன்னார். ஆனால் அவருடைய வாதம் முழுக்க ஒரே அடித்தளத்தின்மேல் நின்றது. "சார், பாலைவனத்துல என்ன இருக்கு? வெறும் மணல். எண்ணெயைத் தின்ன ஆள் வேணுமில்ல? அந்த ஆளைத்தான் நாங்க வாளியில தர்றோம்."

இதுதான் எனக்குச் சிக்கலாகப் பட்டது. வெறும் மணல் என்று யார் சொன்னது? ஒரு கிராம் பாலைமண்ணில் லட்சக்கணக்கிலிருந்து கோடிக்கணக்கு வரை பாக்டீரியாக்கள் இருக்கும். பெரும்பாலும் ஆக்டினோபாக்டீரியா வகைகள்: வறட்சியையும் கதிர்வீச்சையும் தாங்கி, மழைக்காக ஆண்டுக்கணக்கில் சும்மா கிடக்கத் தெரிந்தவை. ரோடோகாக்கஸ், டயட்சியா, கார்டோனியா, நோகார்டியாய்டிஸ் என்று எண்ணெயைச் சிதைக்கத் தெரிந்த பேரினங்கள் இந்தக் கூட்டத்திலேயே உண்டு. செடிகளின் இலைமேல் இருக்கும் மெழுகிலும் நீள்சங்கிலி ஹைட்ரோகார்பன், அதாவது கார்பனும் ஹைட்ரஜனும் மட்டும் சேர்ந்த சேர்மம், உண்டு. அதைச் சிதைத்துப் பழகிய உயிர்களுக்குக் கச்சா எண்ணெய் முற்றிலும் அந்நியமான பொருள் இல்லை.

இதற்குப் பெரிய சாட்சி குவைத். 1991இல் பின்வாங்கிய ஈராக் படைகள் 600க்கும் மேற்பட்ட எண்ணெய்க் கிணறுகளுக்குத் தீ வைத்தன. கடைசிக் கிணற்றை மூடும்போது நவம்பர் மாதம் ஆகிவிட்டது. எரியாமல் பீறிட்ட எண்ணெய் பள்ளங்களில் தேங்கிச் சுமார் 300 எண்ணெய் ஏரிகளாக நின்றது. காற்றில் பரவிய எண்ணெய்த் துளிகளும் புகைக்கரியும் மணலோடும் சரளையோடும் இறுகி, நாட்டின் நிலப்பரப்பில் ஏறத்தாழ 5 சதவீதத்தைத் தார்ச்சாலை மாதிரி மூடியது. இவ்வளவுக்கும் பிறகு, சில ஆண்டுகளில் எண்ணெய் படிந்த மணலுக்குள்ளிருந்து காட்டுச்செடிகள் முளைத்தன. குவைத் பல்கலைக்கழகத்தின் சமீர் ரத்வான் குழுவினர் அவற்றைப் பிடுங்கிப் பார்த்தபோது, சுற்றிலும் மண் கறுப்பாக இருக்க, வேர்கள் மட்டும் வெள்ளையாக இருந்தன. வேரை ஒட்டிய மண்ணில் எண்ணெயைச் சிதைக்கும் பாக்டீரியாக்கள் மண்டிக்கிடந்தன. 1995இல் நேச்சர் இதழில் அதை எழுதினார்கள். யாரும் வாளியில் கொண்டுபோய்க் கொட்டியவை இல்லை அவை.

அப்படியானால் எண்ணெய் கொட்டிய பாலைமண் ஏன் பல பத்தாண்டுகள் கறுப்பாகவே கிடக்கிறது? இஸ்ரேலின் தெற்கே அரவா பள்ளத்தாக்கில் எவ்ரோனா காப்பகம் இருக்கிறது. அங்கே 1975இல் ஒருமுறை குழாய் உடைந்து எண்ணெய் ஓடியது. 2014 டிசம்பரில் மறுபடியும் உடைந்து சுமார் 50 லட்சம் லிட்டர் கச்சா எண்ணெய் பரவியது. இரண்டாவது கசிவுக்குப்பின் ஆய்வாளர்கள் மண்ணைத் தோண்டியபோது, நாற்பது ஆண்டு பழைய முதல் கசிவின் எண்ணெயும் மண்ணில் அப்படியே அகப்பட்டது. தின்னத் தெரிந்த ஆள் இருக்கிறது, தின்பதற்குப் பொருளும் இருக்கிறது, இருந்தும் வேலை நடக்கவில்லை. இந்தப் பொடியை வாங்கலாமா என்பதற்கு விடை அந்த முடிச்சில்தான் இருக்கிறது. அதனால் அதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

கச்சா எண்ணெய் கிட்டத்தட்ட முழுக்கக் கார்பனும் ஹைட்ரஜனும். பாலைமண்ணோ இயல்பிலேயே நைட்ரஜனுக்கு ஏங்குகிற மண். பாஸ்பரஸ் இருந்தாலும் சுண்ணாம்போடு சேர்ந்து இறுகிப்போய் உயிர்களுக்கு எட்டாமல் கிடக்கும். எண்ணெய் கொட்டியதும் நிலைமை, செங்கல் லாரி லாரியாக வந்து இறங்கி, சிமெண்டும் தண்ணீரும் வராத கட்டட வேலை மாதிரி ஆகிவிடுகிறது. பாக்டீரியா தன் உடம்பைக் கட்டவும் பெருகவும் நைட்ரஜன் வேண்டும். எண்ணெயைச் சிதைக்கும் கூட்டம் மண்ணில் இருக்கிற கொஞ்சநஞ்ச நைட்ரஜனையும் இழுத்துக்கொள்ளும். மற்ற உயிர்களுக்கு எதுவும் மிஞ்சாது. கொஞ்ச நாளில் அந்தக் கூட்டமும் அப்படியே நின்றுபோகும். சீரமைப்புத் துறையில் 100 பங்கு கார்பனுக்கு 10 பங்கு நைட்ரஜன், 1 பங்கு பாஸ்பரஸ் என்று வாய்ப்பாடு மாதிரி சொல்வார்கள். எண்ணெய் ஊறிய பாலைமண்ணில் கார்பன் மட்டும் எங்கேயோ ஏறிக்கிடக்கும்.

அடுத்தது தண்ணீர். இதை நீங்களே பார்த்துவிடலாம். கறுத்த மண்ணைக் கொஞ்சம் எடுத்து, நிழலில் உலர்த்தி, சலித்து, தட்டில் பரப்பிக்கொள்ளுங்கள். சொட்டுக்குழாயால் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டுக் கடிகாரத்தைப் பாருங்கள். நல்ல மணலில் சொட்டு விழுந்த கணமே உள்ளே போய்விடும். 5 விநாடிக்கு மேல் நின்றாலே அந்த மண் தண்ணீரை ஒதுக்குகிறது என்று பொருள். ஒரு மணி நேரத்துக்கு மேல் நின்றால் அதுதான் அளவுகோலின் உச்சம். எங்கள் இடத்து மண்ணில் சொட்டு உருண்டு திரண்டு அப்படியே நின்றது. தட்டைச் சாய்த்ததும் மேலெல்லாம் மணல் துகள் ஒட்டிக்கொள்ள, உருண்டு ஓடி விளிம்பில் போய் நின்றது. அடியில் இருந்த மண் தூசியாக, காய்ந்தபடியே இருந்தது. எண்ணெயின் மெழுகும் தாரும் ஒவ்வொரு மணல்துகளின் மேலும் படலமாகப் படிந்துவிடுவதால் வருகிற வினை இது. ஆண்டுக்கு இரண்டோ மூன்றோ மழை பெய்கிற ஊரில், அந்த மழையும் உள்ளே இறங்காமல் ஓடிவிட்டால் உள்ளே இருக்கிற பாக்டீரியாவுக்கு எதை வைத்து வேலை நடக்கும்?

இந்தப் பொடியின் முதல் குறை இங்கேதான் தெரிந்தது. கரைசலைக் குறிப்பில் சொன்னபடி தெளித்தோம். அது மண்ணுக்குள் இறங்கவே இல்லை. பள்ளமான இடங்களில் தவிட்டு நிறத்தில் தேங்கி நின்று, காலைக்குள் ஆவியாகி, மேலே ஏடாகக் காய்ந்துகிடந்தது. ரோட்டவேட்டர் ஓட்டுகிற தம்பி அதைக் காலால் கிளறிப் பார்த்துவிட்டு, "அண்ணே, இது மருந்தா, மேல்பூச்சா?" என்றான். தண்ணீர் ஒட்டாத மண்ணுக்கு முதலில் என்ன செய்ய வேண்டும் என்று லேபிளில் ஒரு வார்த்தை இல்லை. பாலைவனத்துக்கு என்றே விற்கிற பொருளில் இது இல்லாதது பெரிய குறை. அப்புறம் மண்ணை உழுது, கட்டிகளை உடைத்து, ஈரமேற்றும் கரைசல் கலந்து மறுபடி தெளித்தோம். இந்த முறை இறங்கியது.

சோதனையை எப்படிச் செய்தோம் என்பதைச் சொல்லாமல் முடிவை மட்டும் சொன்னால் நியாயமில்லை. ஒரே கசிவு இடத்தில் பாத்திகள் பிரித்தோம். ஒன்றைத் தொடவே இல்லை. ஒன்றை உழுது தண்ணீர் மட்டும் விட்டோம். ஒன்றில் உழவு, தண்ணீர், சாதாரண உரம். இன்னொன்றில் நிறுவனம் சொன்னபடி பொடியும் அதன் உரப் பொட்டலமும். கடைசிப் பாத்தியில்தான் விஷயம் இருக்கிறது: அதே பொடியை ஆட்டோகிளேவ் என்ற அழுத்த நீராவிக் கலனில் 121 டிகிரியில் வேகவைத்து, உயிர் ஒன்றுகூட மிச்சமில்லாமல் ஆக்கி, அதே உரப் பொட்டலத்தோடு போட்டோம். செத்த பொடியும் உயிருள்ள பொடியும் ஒரே மாதிரி வேலை செய்தால், வேலை செய்தது பாக்டீரியா இல்லை என்று ஆகிவிடும் அல்லவா?

பொடி போட்ட பாத்தியில் எண்ணெய் குறைந்தது. அதை மறைக்கவில்லை. நிறுவனத்தின் விளம்பரத் தாளில் இருக்கிற 'முன்பு, பின்பு' படம் மாதிரியே நானும் ஒரு படம் போட முடியும். கறுப்பு மண் பழுப்பாகியிருந்தது. ஆனால் மொத்த ஹைட்ரோகார்பன் அளவு குறைந்தது என்ற ஒற்றை எண்ணை வைத்துக்கொண்டு முடிவுக்கு வரக்கூடாது. உழும்போது அடியில் இருக்கிற சுத்தமான மணல் மேலே கலந்துவிடும், அதனாலேயே அளவு இறங்கும். கோடையில் மணற்பரப்பின் வெப்பம் 60 டிகிரியைத் தாண்டும். இலகுவான பகுதிகள் தாமாகவே ஆவியாகிப் போய்விடும். இந்த இரண்டையும் கழித்தபின் பாக்டீரியா தின்றது எவ்வளவு என்பதுதான் கேள்வி.

அதற்கு ஒரு நல்ல வழி இருக்கிறது. எண்ணெயில் 17 கார்பன் கொண்ட நேர்ச்சங்கிலி ஆல்கேன் (கிளையில்லாத ஹைட்ரோகார்பன்) ஒன்று உண்டு. அதோடு பிரிஸ்டேன் என்ற கிளைச்சங்கிலிச் சேர்மமும் உண்டு. இரண்டும் ஏறத்தாழ ஒரே வேகத்தில் ஆவியாகும். ஆனால் பாக்டீரியாவுக்கு நேர்ச்சங்கிலிதான் பிடிக்கும். கிளை இருப்பதைக் கடைசியில்தான் தொடும். வெயிலால் மட்டும் குறைந்திருந்தால் இரண்டுக்கும் உள்ள விகிதம் மாறாது. பாக்டீரியா தின்றிருந்தால் விகிதம் சரியும். 18 கார்பன் ஆல்கேனையும், பிரிஸ்டேன் மாதிரியே கிளை கொண்ட ஃபைட்டேனையும் வைத்து இதையே இன்னொருமுறை சரிபார்க்கலாம். எண்ணெயிலேயே இருக்கிற, சீக்கிரத்தில் சிதையாத ஹோபேன் என்ற சேர்மத்தை ஒப்பிடும் அளவுகோலாக வைத்தால் கணக்கு இன்னும் உறுதிப்படும். ஆய்வகத்தில் எண்ணெயின் சேர்மங்களைத் தனித்தனியாகப் பிரித்துக் காட்டும் வாயு நிறவரைவு எடுக்கும்போது இதையும் சேர்த்துக் கேட்டு வாங்குங்கள். பெரும்பாலும் நாமாகக் கேட்டால்தான் தருவார்கள்.

அப்படிப் பார்த்தபோது தொடாத பாத்தியில் விகிதம் அசையவே இல்லை. தண்ணீர் மட்டும் விட்ட பாத்தியில் கொஞ்சம் அசைந்தது. உரம் போட்டதில் நன்றாகச் சரிந்திருந்தது. உயிருள்ள பொடி போட்டதிலும் நன்றாகவே சரிந்திருந்தது. செத்த பொடி போட்டதிலும் அதே அளவு! மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் எது எது என்று எங்கள் ஆய்வக நண்பரால் சொல்ல முடியவில்லை. தின்றது உள்ளூர்க் கூட்டம். அதற்குத் தேவைப்பட்டது தண்ணீர், நைட்ரஜன், கொஞ்சம் காற்று.

வாளியில் வந்தவர்கள் என்ன ஆனார்கள் என்று தெரிந்துகொள்ள மண்ணின் டிஎன்ஏவையும் வரிசைப்படுத்தக் கொடுத்தோம். தெளித்த சமயத்தில் எடுத்த மாதிரியில் வாளியின் சூடோமோனாஸ் தூக்கலாகத் தெரிந்தது. பிறகு எடுத்ததில் தேடிப்பார்க்க வேண்டியிருந்தது. அவற்றின் இடத்தில் டயட்சியாவும் நோகார்டியாய்டிஸும் பெருகியிருந்தன. பேசிலஸ் வித்துகளாக ஒடுங்கி எங்காவது கிடக்கும், அது அதன் சுபாவம். ஆனால் ஒடுங்கிக் கிடக்கிற வித்து எண்ணெயைத் தின்னாது. இது அதிசயமும் இல்லை. வளர்ப்புத் தொட்டியில் சத்துக் குடித்து வளர்ந்த பாக்டீரியாவைக் கொண்டுவந்து உப்பு, காரம், வெயில், வறட்சி எல்லாம் சேர்ந்த மண்ணில் விட்டால் அது மண்ணின் மைந்தர்களோடு போட்டி போட முடியுமா?

இதை நான் புதிதாகக் கண்டுபிடித்ததாகச் சொல்லவில்லை. 1989இல் எக்ஸான் வால்டிஸ் கப்பல் அலாஸ்காவில் தரைதட்டி எண்ணெய் கொட்டியபோது, கரையோரங்களில் உரம் தெளித்து அங்கேயே இருந்த பாக்டீரியாவை ஊக்கப்படுத்தியது பலன் தந்தது. விற்பனைக்கு வந்த பாக்டீரியாப் பொருட்களை அதே கரையில் சோதித்தபோது அவற்றால் கூடுதலாக ஒன்றும் நடந்ததாகக் காட்ட முடியவில்லை. குளிர்ந்த கடற்கரையில் தெரிந்த அதே கதைதான் கொதிக்கிற மணலிலும்.

பிரதிநிதி நடுவில் ஆனந்த மோகன் சக்ரவர்த்தியின் கதையையும் எடுத்தார். எடுக்காமல் இருந்தால்தான் ஆச்சரியம். இந்தியாவில் பிறந்து அமெரிக்காவில் ஆய்வு செய்த அவர், பல ஹைட்ரோகார்பன்களைச் சிதைக்கும் திறனை ஒரே சூடோமோனாஸுக்குள் கொண்டுவந்தார். அதற்குக் காப்புரிமை தரலாமா என்ற வழக்கு அமெரிக்க உச்ச நீதிமன்றம் வரை போய், 1980இல் ஐந்து நீதிபதிகள் ஆதரவு, நான்கு பேர் எதிர்ப்பு என்ற கணக்கில் அவர் பக்கம் தீர்ப்பானது. பெரிய மனிதர், பெரிய சாதனை. ஆனால் அந்தப் பாக்டீரியாவை எந்த எண்ணெய்க் கசிவிலும் இறக்கிவிடவில்லை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். வாளியில் இருப்பதும் அது இல்லை.

சரி, உரப் பொட்டலத்துக்கு ஏன் நட்சத்திரம் கொடுத்தேன்? அதை யோசித்துச் செய்திருக்கிறார்கள். நைட்ரஜன் மெதுவாகக் கரைகிற குருணையாக இருக்கிறது. பாலைமண் காரமண், யூரியாவை அள்ளி வீசினால் கணிசமான பங்கு அம்மோனியாவாகக் காற்றில் போய்விடும், மூக்கை வைத்தே கண்டுபிடிக்கலாம். இன்னொன்று, உரமும் ஒரு உப்புதான். அந்த 100:10:1 கணக்கைப் பார்த்து, எண்ணெய் அதிகம் என்று உரத்தையும் அதே விகிதத்தில் கூட்டிக்கொண்டே போனால், ஈரம் குறைந்த மண்ணில் அது பாக்டீரியாவின் உடம்பிலிருந்து தண்ணீரை உறிஞ்சி வேலையையே நிறுத்திவிடும். பாலைமண்ணில் கணக்குப் போட வேண்டியது எண்ணெயின் அளவை வைத்து இல்லை, மண்ணில் நிற்கிற தண்ணீரின் அளவை வைத்து. குருணை உரம் அந்தத் தொல்லையைக் குறைத்தது. பொட்டலத்தை மட்டும் தனியாக விற்பீர்களா என்று கேட்டேன். மாட்டார்களாம்.

தண்ணீர் பற்றியும் ஒரு எச்சரிக்கை. உப்புத் தண்ணீரை விட்டுவிட்டால் சில வாரங்களில் பாத்தி முழுக்க வெள்ளையாகப் பூத்துவிடும். எண்ணெய்க்கு மேல் உப்பும் சேர்ந்துகொள்ளும். நாங்கள் சுத்திகரித்த கழிவுநீரை டேங்கரில் கொண்டுவந்தோம். அதில் நைட்ரஜனும் பாஸ்பரஸும் கொஞ்சம் இருப்பது கூடுதல் லாபம். குளோரின் வாடை அடித்தால் திறந்த தொட்டியில் இரவு முழுவதும் விட்டுவைத்துப் பயன்படுத்தலாம்.

இனி, ஒரு நட்சத்திரத்தைக் கோபத்தோடு வெட்டிய இடம். லேபிளின் பின்பக்கம் "மண்ணின் உயிர்வளத்தை முழுமையாக மீட்கும்" என்று போட்டிருக்கிறார்கள். இதை ஒப்புக்கொள்ளவே முடியாது. எண்ணெய் குறைவதும் மண் உயிர் பெறுவதும் ஒன்றில்லை. எண்ணெய் ஊறிய மண்ணில் பாக்டீரியாவை எண்ணிப் பார்த்தால் சில சமயம் எண்ணிக்கை சுத்தமான மண்ணைவிட அதிகமாகவே இருக்கும். ஆனால் வகை குறைந்துபோயிருக்கும். எண்ணெயைத் தின்னத் தெரிந்த நாலைந்து கூட்டம் மட்டும் பெருகி, மற்றவை ஒதுங்கிவிடும். அம்மோனியாவை நைட்ரேட்டாக மாற்றுகிற பாக்டீரியாக்கள் எண்ணெய்க்குச் சீக்கிரம் அடிபடுகிறவை. பென்சீன், டொலுவீன் போன்ற இலகுவான சேர்மங்கள் பல வகைகளின் உயிரணுச் சவ்வையே குலைத்துவிடும். அதனால் பாக்டீரியா எண்ணிக்கை பல மடங்கு உயர்ந்தது என்று அறிக்கையில் எழுதிவிட்டு மண் குணமாகிவிட்டது என்று சொல்கிறவர்களை நான் நம்புவதில்லை.

பாலைமண்ணில் மிகப் பெரிய இழப்பு மேலே இருக்கிற அந்த மெல்லிய பொருக்குதான். நீலப்பச்சைப் பாசிகள் மணலுக்குள் நூல் நூலாக ஓடி, பசை மாதிரி ஒரு உறையைச் சுரந்து, துகள்களைக் கட்டிப் போட்டிருக்கும். மைக்ரோகோலியஸ் அதில் முக்கியமானது. கருமையான பொருக்குகளில் சைடோனீமா மாதிரி காற்றிலிருந்து நைட்ரஜனைப் பிடித்துத் தருகிறவையும் உண்டு. எங்கள் இடத்துக்குப் பக்கத்திலேயே எண்ணெய் படாத ஒரு திட்டு இருந்தது. பார்த்தால் சாம்பல் நிறத்தில் காய்ந்த மண். ஒரு குவளைத் தண்ணீரை மெதுவாக ஊற்றிவிட்டு உட்கார்ந்து பாருங்கள். கொஞ்ச நேரத்தில் அந்தச் சாம்பலுக்குள்ளிருந்து பச்சை மேலே ஏறி வரும். ஈரம் பட்டதும் பாசி நூல்கள் வெளிச்சத்தை நோக்கி நகர்ந்து வருகின்றன. ஒரு துண்டைப் பெயர்த்துத் தூக்கினால் அடியில் மணல்துகள்கள் கண்ணுக்குத் தெரியாத நூலில் கோத்த மாதிரி தொங்கும், உதிராது. காற்று மணலை வாரிக்கொண்டு போகாமல் பிடித்து வைத்திருப்பது இதுதான்.

எண்ணெய் படிந்தால் வெளிச்சமும் போய், காற்றும் போய், தண்ணீரும் போய் இந்தப் பொருக்கு செத்துவிடுகிறது. எஞ்சியிருப்பதையும் எங்கள் ரோட்டவேட்டர் அரைத்துவிடுகிறது. சீரமைப்பு என்ற பெயரில் நாங்களே செய்கிற சேதம் அது, வேறு வழியும் அமைவதில்லை. பொருக்கு தானாகத் திரும்பி வருவதற்கு ஆண்டுகள் ஆகும், பல இடங்களில் பத்தாண்டுகள். வாளியில் இருக்கிற பேசிலஸாலும் சூடோமோனாஸாலும் ஒளிச்சேர்க்கை செய்து பொருக்கு கட்ட முடியாது. பிறகு எதை "முழுமையாக" மீட்கிறது? சீனாவில் குபுச்சி மணற்பரப்பில் நீலப்பச்சைப் பாசியை வளர்த்து மணல்மேட்டில் தெளித்துப் பொருக்கு உண்டாக்கியிருக்கிறார்கள். எண்ணெயை நீக்கி முடித்த மண்ணுக்கு அந்த வகைப் பொருளை யாராவது வாளியில் போட்டு விற்றால் முதல் ஆளாக வாங்கிச் சோதிக்க நான் தயார்.

யார் வாங்கலாம்? தோண்டியெடுத்த மண்ணை அதிக வெப்பத்தில் சுட்டு எண்ணெயை நீக்குகிற ஆலைகள் உண்டு. அதில் உள்ளூர் பாக்டீரியாவும் சேர்ந்து போய்விடும். அப்படிச் சுட்டபின்னும் கொஞ்சம் எண்ணெய் மிச்சமிருந்தால், வெளியிலிருந்து பாக்டீரியாவைச் சேர்ப்பதில் அர்த்தம் இருக்கிறது. அங்கேயும் பக்கத்து இடத்து மண்ணைக் கலப்பதே மேல் என்பது என் எண்ணம். தொட்டியில் வைத்து, காற்றூட்டி, வெப்பத்தைக் கட்டுப்படுத்தி எண்ணெய்க் கசடைச் சுத்தம் செய்கிறவர்களும் முயன்று பார்க்கலாம். அங்கே பொடிக்குப் பழகிய சூழல் கிடைக்கும். திறந்த பாலைநிலத்தில் வேலை செய்கிறவர்கள் அந்தக் காசுக்குக் கூடுதலாகத் தண்ணீர் டேங்கர் ஏற்பாடு செய்துகொள்ளலாம்.

வாங்கியே தீர வேண்டும் என்று மேலிடத்தில் முடிவாகிவிட்டால் இரண்டு விஷயங்களைக் கேளுங்கள். எந்த இனம், எவ்வளவு உப்பிலும் வெப்பத்திலும் வளரும் என்ற சான்று. அடுத்து, வேகவைத்த பொடியோடு ஒப்பிட்டுச் செய்த களச் சோதனை, அதில் பிரிஸ்டேன் விகிதம். நானும் இந்த இரண்டையும் எழுத்தில் கேட்டிருக்கிறேன். தொழில்நுட்பப் பிரிவுக்கு அனுப்பியிருப்பதாகப் பதில் வந்தது, கூடவே 'முன்பு, பின்பு' படங்கள் கொண்ட புதிய விளம்பரத் தாள் ஒன்றும். சோதனை முடிவு வந்தால் நட்சத்திரத்தை மாற்றுகிறேன்.